பதினொன்றாவது வரி

ஜூன் 10

வேலையில் சேர்ந்தேன். போட்டித் தேர்வுக்குக் குறிப்பெடுக்க வாங்கிய நோட்டு இது. முதல் நாலு பக்கத்தில் ஆறுகளும் அணைகளும் இருக்கின்றன. அதற்குப் பிறகு காலியாகவே கிடந்தது. இனி இதில் இதை எழுதலாம்.

தாளாளர் மேடம் என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "பி.எஸ்சி மேத்ஸ். நல்ல மார்க்குதான். வாயத் தொறந்து பேசுவியா?" என்று கேட்டார். "பேசுவேன் மேடம்" என்றேன். "எனக்கே கேக்கல. இருபத்திரெண்டு புள்ளைங்களுக்கு எப்படிக் கேக்கும்?" என்றார். ஆனாலும் ப்ரீகேஜியைக் கொடுத்துவிட்டார்.

பள்ளி என்பது ஒரு பழைய வீடு. முன்ஹால் அலுவலகம். பின்பக்கம் தகரக் கூரை போட்டு இழுத்த நீளமான அறை எங்களுடையது. இன்று இருபத்தொரு குழந்தைகள் அழுதார்கள். ஆயா பழனாத்தாக்கா ஒவ்வொருவராகத் தூக்கி இடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, "அழுவட்டும் உடு கண்ணு, தொண்ட காஞ்சா நிறுத்திக்கும்" என்றார்.

அழாத ஒரே குழந்தை வர்ணிகா. மூன்றே முக்கால் வயது. மற்றவர்களைவிட ஒரு வயது பெரியவள். "இன்னும் பேச்சு வரலைங்க மிஸ், அதான் சின்னக் கிளாஸ்லயே போடச் சொன்னோம்" என்றாள் அவள் அம்மா பிருந்தா. "எங்க வீட்டுக்காரரும் அஞ்சு வயசுலதான் பேசுனாருங்களாம். இப்ப நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டாரு."

ஜூன் 14

கடித்தது கவினேஷ். கடிபட்டது நான்.

ஜூன் 27

பாட்டு நேரம்தான் எனக்குப் பிடித்த நேரம். நான் முன்னால் நின்று கைகளை ஆட்டிக்கொண்டே பாட வேண்டும். மழை என்றால் விரல்களை இறக்க வேண்டும். யானை என்றால் ஒரு கையைத் தொங்கவிட வேண்டும். குழந்தைகள் பார்த்துச் செய்வார்கள். பாதிப் பேர் என்னைப் பார்க்கவே மாட்டார்கள், ஜன்னலில் அணிலைப் பார்ப்பார்கள்.

வர்ணிகா மட்டும் கண் எடுக்காமல் பார்க்கிறாள். நான் கையைத் தூக்கும்போதே அவள் கையும் உயர்ந்துவிடுகிறது. புதுப் பாட்டு ஒன்றை இரண்டாவது முறையிலேயே முழுவதும் செய்தாள். மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ள சுட்டி" என்றார். எனக்கே பாராட்டுக் கிடைத்த மாதிரி இருந்தது.

என்னை இவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை.

ஜூலை 8

மாலையில் பிருந்தா தறிக்கூடத்திலிருந்து நேராகத் தாமதமாக வந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கேட்டுக்கு வெளியே நின்றபடியே கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய், பிறகு விரலை வீட்டுப் பக்கம் காட்டினாள். வர்ணிகா ஓடிப்போய் டிபன் டப்பாவை எடுத்து வந்தாள். இருவரும் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

எனக்கு அது விநோதமாகப் படவில்லை. எங்கள் அப்பாவும் தறிதான். எங்கள் ஊரில் தறிக்கூடத்துக்குள் யாரும் வாயால் பேசுவதில்லை, பேசினாலும் விசைத்தறிச் சத்தத்தில் எடுபடாது. சாப்பாடு, தண்ணீர், நூல் அறுந்துவிட்டது, முதலாளி வருகிறார், எல்லாவற்றுக்கும் ஒரு கை இருக்கிறது, ஒரு முகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கை ஓய்வதில்லை. நான் கல்லூரியில் சேர்ந்த அன்று அப்பா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நெஞ்சில் இரண்டு தட்டு தட்டிக்கொண்டார்.

"பொறந்த பத்தாம் மாசத்துலிருந்து தறிக்குப் பக்கத்துலதாங்க தூளி" என்றாள் பிருந்தா. "எட்டுத் தறி ஓடறப்ப ஜம்முனு தூங்குவா. கரண்டு போயி தறி நின்னா டக்குனு முழிச்சுக்குவா. சத்தம் இல்லாட்டி எம் புள்ளைக்குத் தூக்கம் வராது மிஸ்."

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஜூலை 19

மதியம் இடி. தகரத்தின் மேல் கல்லைக் கொட்டியது போல மழை. எல்லாக் குழந்தைகளும் அலறிக்கொண்டு என் மேல் ஏறிவிட்டார்கள். வர்ணிகா மூலையில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏழாவது கட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். எங்களைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளும் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

தைரியமான குழந்தை.

குழந்தைகள் பலவிதம் என்று மேடம் கொடுத்த கையேட்டில் போட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 3

இன்று ஒன்று செய்து பார்த்தேன். குழந்தைகள் பாயில் உட்கார்ந்து வண்ணம் தீட்டும்போது வர்ணிகாவுக்குப் பின்னால் போய் நின்று கை தட்டினேன். திரும்பிப் பார்த்தாள். எனக்கு மூச்சு வந்தது. வீண் கவலை.

பக்கத்திலிருந்த கவினேஷும் திரும்பினான். அவன் முதலில் திரும்பினான் என்று நினைக்கிறேன். சரியாக ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 5

அவள் தனியாக இருக்கும்போது இன்னொரு முறை தட்டிப் பார்த்திருக்கலாம். இன்று நிறைய வேலை.

ஆகஸ்ட் 21

பழனாத்தாக்கா தட்டு கழுவிக்கொண்டே கேட்டார்: "ஏங்கண்ணு, அந்த வர்ணிகாப் புள்ளைக்குக் காது மந்தமா?"

"ஏன்க்கா கேக்கறீங்க?"

"நேத்து கக்கூசுல உட்டுட்டு மறந்து தாழ்ப்பாளப் போட்டுட்டேன். புள்ள உள்ள இருக்குதான்னு கதவத் தட்டித் தட்டிக் கூப்புடறேன், ஒரு சத்தம் இல்ல. தொறந்து பாத்தா கொழாயத் தொறந்து உட்டுட்டு வெளையாடிட்டு நிக்குது. அதுக்கு நா கூப்புட்டதே தெரியல."

கழுவிய தட்டுகளை வாங்கி அடுக்கினேன்.

"நீ மேடத்துக்கிட்ட சொல்லு" என்றார்.

"நீங்கதான பாத்தீங்க. நீங்க சொல்லுங்கக்கா."

"நானா? தாழ்ப்பாள் போட்டதச் சொன்னா எம்பட வேல போயிரும். நீ படிச்சவ. நீ சொன்னா எடுபடும்."

எடுபடும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஸ்டாஃப் கூட்டத்தில் நான் இதுவரை சொன்னது ஒரே ஒரு வார்த்தை. "ப்ரசென்ட்."

செப்டம்பர் 19

வளர்ச்சி அட்டைகள் வந்துவிட்டன. வழவழப்பான தாள், மேலே பலூன் படம். மொத்தம் இருபத்துநாலு வரி. ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம்: எப்போதும், சில சமயம், இன்னும் இல்லை. முதலில் பென்சிலில் போட்டு மேடத்திடம் காட்ட வேண்டும். அவர் பார்த்த பிறகு பேனா.

பதினொன்றாவது வரி: பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கிறது.

வர்ணிகா அட்டையைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 21

பதினொன்றாவது வரியில் "இன்னும் இல்லை" கட்டத்தில் பென்சில் டிக் போட்டேன். மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"கோகிலா, என்ன இது?"

"கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குதுங்க மேடம்."

"எந்தப் புள்ளதான் கூப்பிட்டவொடனே திரும்புது? எம் பையன் எம்.பி.ஏ. படிக்கறான், இன்னைக்கும் கூப்பிட்டா திரும்ப மாட்டான்." மற்ற டீச்சர்கள் சிரித்தார்கள். மேடம் ரப்பரை எடுத்து அவரே அழித்தார். "இங்க பாரு. 'இன்னும் இல்லை'ங்கற கட்டம் சும்மா அச்சுல இருக்கு, நாம போடறதுக்கு இல்ல. அதப் பாத்தா பெத்தவங்க என்ன நெனைப்பாங்க? புள்ளயச் சேத்தோம், இவங்க ஒண்ணும் சொல்லித் தரலன்னு நெனைப்பாங்க. ஒரு அட்டைக்கு மூணு 'சில சமயம்' போட்டுக்கோ. பேச்சுக்குப் போட்டுக்கோ. மீதியெல்லாம் 'எப்போதும்'."

"காது டெஸ்ட்டு ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்லைங்க மேடம்."

பேனாவால் 'எப்போதும்' கட்டத்தில் டிக் போட்டேன். பென்சில் அழித்த இடத்தில் தாள் கொஞ்சம் பிசிறியிருந்தது. நகத்தால் தேய்த்துவிட்டேன். பார்த்தால் தெரியாது.

செப்டம்பர் 28

பெற்றோர் தினம். பிருந்தாவும் அவள் கணவர் மாதேஷும் வந்தார்கள். அவர் சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். அட்டையை இரண்டு கையாலும் வாங்கினார்.

"நாங்க நாலாப்பு, ஆறாப்புங்க மிஸ். நீங்களே படிச்சுச் சொல்லிருங்க" என்றார்.

ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பொத்தான் போடுகிறது, எப்போதும். வண்ணங்களைப் பிரித்து அறிகிறது, எப்போதும். பொம்மையைப் பகிர்ந்துகொள்கிறது, எப்போதும். பதினொன்றையும் படித்தேன். குரல் ஒழுங்காகத்தான் வந்தது. எனக்கே ஆச்சரியம்.

பிருந்தா அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஏனுங், நாந்தான் சொன்னேனே, நம்ம புள்ள எல்லாத்துலயும் முந்தின்னு" என்று கணவரின் தோளை இடித்தாள்.

"பேச்சு மட்டும் சில சமயம்னு போட்டிருக்குது" என்றார் அவர்.

"அது உங்களாட்டம். வந்துரும்."

அட்டைக்கு லேமினேஷன் போடப் போகிறார்களாம்.

அக்டோபர் 30

விடுமுறையில் கைபேசியில் தேடிப் படித்தேன். சின்னக் குழந்தைகளுக்கும் காது கேட்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்க முடியுமாம். குழந்தை தூங்கும்போதே பார்த்துவிடுவார்களாம், வலிக்காது. பேச்சு மூளையில் ஊன்றுவது முதல் சில வருடங்களில்தானாம். அதற்குள் சத்தம் உள்ளே போக வழி செய்தால் பேச்சு வரும். தாமதமாக ஆக, கஷ்டம். ஒவ்வொரு மாதமும் முக்கியம் என்று ஒரு மருத்துவர் சொல்கிறார்.

வர்ணிகாவுக்கு நாலு வயது முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை பிருந்தாவிடம் சொல்லிவிடுவேன். எப்படிச் சொல்வது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று தொடங்குகிறது.

நவம்பர் 4

திங்கள். மழை. பிருந்தா குடையோடு அவசரமாக வந்தாள்.

நவம்பர் 11

திங்கள். இன்று அவள் வரவில்லை, மாதேஷ் வந்தார். அவரிடம் எப்படிச் சொல்வது.

நவம்பர் 25

அந்தத் தாளைக் காணவில்லை. சுடிதார் பையில் இருந்தபடியே துவைத்துவிட்டார்கள் போல.

டிசம்பர் 16

ஆண்டு விழா ஒத்திகை. எங்கள் வகுப்புக்கு ஒரு மயில் பாட்டு. நான் முன்னால் நின்று ஆடுகிறேன், அவர்கள் என்னைப் பார்த்து ஆடுகிறார்கள். வர்ணிகா ஒரு அசைவுகூடத் தவறவிடவில்லை. மேடம் அவளை முதல் வரிசையில் நடுவில் நிறுத்தச் சொன்னார்.

"ரெண்டாவது வரிசையில நிறுத்தலாமுங்க மேடம்" என்றேன். இவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியது இதுதான் முதல் தடவை.

"ஏன்?"

காரணம் சொல்ல முடியவில்லை. "உயரமா இருக்கா" என்றேன்.

"உயரமா இருந்தா என்ன, அவதான் அழகா ஆடறா" என்றார். உண்மைதான்.

ஜனவரி 24

கல்யாண மண்டபத்தில் விழா. வழக்கமாக டீச்சர்கள் மேடைக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து ஆடிக் காட்டுவார்கள். இந்த வருடம் வீடியோ எடுப்பவர், "மிஸ்ஸுங்க தலையெல்லாம் ஃப்ரேம்ல வருது" என்றதால் எங்களை எல்லாம் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் அனுப்பிவிட்டார்கள்.

பாட்டு தொடங்கியது. பின்வரிசைக் குழந்தைகள் பாட்டுக்குத் தோகை விரித்தார்கள். வர்ணிகா நடுவில் நின்று விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் என்னைத் தேடின. நான் திரைக்குப் பின்னாலிருந்து கையை நீட்டினேன். அவள் பார்க்கவில்லை.

பிறகு அவள் திரும்பினாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னால் ஆடும் குழந்தைகளைப் பார்த்தபடி ஆடத் தொடங்கினாள். ஒரு தப்பும் இல்லை. கழுத்தைச் சாய்த்தாள், குதித்தாள், சுற்றினாள். சுற்றி முடித்து மறுபடியும் சரியாக அந்தப் பக்கமே நின்றாள். முதுகில் நான் தைத்துக் கொடுத்த மயிலிறகு ஆடியது. மண்டபமே சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள். "யாரு புள்ள அது, சாமிக்கு ஆடுதாட்டம்!" என்று ஒருவர் கத்தினார்.

அவளுக்கு எதுவும் தெரியாது. பாட்டு முடிந்ததும் மற்றவர்கள் நின்றதைப் பார்த்து நின்றாள்.

மூன்றாவது வரிசையில் மாதேஷ் எழுந்து வெளியே போனதைப் பார்த்தேன்.

ஜனவரி 27

இருவரும் மேடம் அறைக்கு வந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள்.

"புள்ளய எதுக்குங்க ஊர் சிரிக்க நிறுத்துனீங்க?" என்றார் மாதேஷ். "வீடியோவுல எங்க ஓனரு பாத்துட்டுச் சிரிக்கறாரு."

மேடம் சமாதானம் சொன்னார். சின்னக் குழந்தை, மேடைக் கூச்சம். நான் கதவருகில் நின்றேன். பிருந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் ஒரு விரல் தன் காதை மெல்லத் தொட்டது. தொட்டதா, முடியை ஒதுக்கியதா?

"காது டெஸ்ட்டு எடுத்துப் பாத்தா நல்லதுங்க" என்றேன்.



"என்னங்க சொல்றீங்க?" என்றார் மாதேஷ். "திரும்பி நின்னு ஆடுனதுக்குச் செவிடுன்னு பட்டங் கட்டறீங்களா? கரண்டு போயி தறி நின்னா முழிச்சுக்குமுங்க எம் புள்ள. காது கேக்காத புள்ள முழிக்குமாங்க? சொல்லுங்க."



அவர் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். லேமினேஷனில் விளக்கு பட்டு மின்னியது. "நீங்கதான படிச்சுச் சொன்னீங்க? பேரு சொல்லிக் கூப்புட்டா திரும்பிப் பாக்குது, எப்போதும்னு. அப்பக் கேட்டுச்சு, இப்பக் கேக்கலையா?"

மேடம் என் பக்கம் திரும்பினார். "கோகிலா, இது உங்க எழுத்துதானே?"

"ஆமாங்க மேடம்."

"புள்ளய கவனிச்சுப் பாத்துத்தானே போட்டீங்க?"

பிருந்தா இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் நான் சொல்ல வேண்டியது 'இல்லை' என்ற ஒரே ஒரு சொல்தான்.

"ஆமாங்க மேடம்" என்றேன்.

"மிஸ் புதுசுங்க. விழா டென்ஷன்ல ஏதோ சொல்லிட்டாங்க" என்றார் மேடம். மாதேஷ் அட்டையைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜனவரி 28

வர்ணிகா வரவில்லை.

பிப்ரவரி 3

இன்றும் வரவில்லை. படிவத்திலுள்ள எண்ணுக்கு மாலையில் அழைத்தேன். மாதேஷ் எடுத்தார். "ஹலோ, யாரு?" என்றார். யாரு, யாரு என்று மூன்று முறை கேட்டார். வைத்துவிட்டேன்.

மேடம் வருகைப் பதிவில் பெயரை அடிக்கச் சொன்னார். இந்த வாரக் கடைசி வரை பார்க்கலாம் என்றேன்.

பிப்ரவரி 9

ஞாயிறு. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். தறிக்கூடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் உள்ளங்காலில் தரை துடிக்கும். சிறு வயதிலிருந்து தெரிந்ததுதான். நூல் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடத்தில் கரண்டு போனது. எல்லாத் தறியும் நின்றன. தரை செத்துப்போனது. முதுகுக்குப் பின்னால் இருந்த மூட்டையும், சுவரும், தூணில் தொங்கிய கயிறும் சட்டென்று அசைவற்றுப் போயின.

நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். கரண்டு வந்ததும் மறுபடியும் கால் வழியாக ஏறியது.

தூளியை எந்தத் தூணில் கட்டியிருப்பார்கள்?

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கையை விரித்து என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று நானும் கையாலேயே சொன்னேன்.

பிப்ரவரி 18

ஒன்பது நாள் கழித்து இன்று போனேன். ஏன் ஒன்பது நாள் என்று எழுத எனக்குக் காரணம் இல்லை. அவர்கள் வீடு பள்ளியிலிருந்து பதினைந்து நிமிட நடை.

ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு வீடுகள். நாலாவது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பிருந்தாவா? அவிங்க காலி பண்ணிட்டுப் போயி நாலு நாளாச்சு கண்ணு."

"எங்கீங்கக்கா?"

"வடக்க. மகாராஷ்டிராவோ என்னமோ. அங்கயும் தறிதான். ஊர் பேரு சொன்னா, எம்பட வாயில நிக்கல."

"போன் நம்பர் இருக்குங்களா?"

"அவ புருசன் சிம்மெல்லாம் மாத்திட்டான். அங்க போயிக் கூப்புடறேன்னா. இன்னும் கூப்புடல. நீ யாரு?"

நான் யார் என்று சொல்லவில்லை. ஆனால் மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். மதில் தாண்டித் தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. வர்ணிகாவுக்குக் காது கேட்கவில்லை என்று சொன்னேன். மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எல்லாம் செய்கிறாள், தறி நின்றால் தரை அதிர்வது நிற்பதால்தான் முழிக்கிறாள், சத்தத்தால் இல்லை என்றேன். டெஸ்ட் எடுக்க வேண்டும், பெரிய ஆஸ்பத்திரியில் எடுக்கலாம், வலிக்காது, தூங்கும்போதே எடுக்கலாம் என்றேன். சீக்கிரம் எடுக்க வேண்டும், இப்போதே தாமதம், ஒவ்வொரு மாதமும் முக்கியம் என்றேன். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. இரண்டு வீட்டிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

அந்தப் பெண் கடைசிவரை கேட்டார்.

"இத்தன வெவரமாச் சொல்ற. எங்கிட்டச் சொல்லி என்ன பண்றது கண்ணு? அவகிட்ட சொல்லியிருக்கோணும்."

நான் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவளுக்கும் சந்தேகந்தான்" என்றார் அவர். "பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம நிறுத்துனதுல இருந்து ஒரு மாதிரி ஆயிட்டா. புள்ளைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு வர்ணி, வர்ணின்னு கூப்புடுவா. கதவுக்கு அந்தப் பக்கம் போயி நின்னு கூப்புடுவா. புருசங்காரங்கிட்ட சொன்னா, அட்டையத் தூக்கிக் காட்டறான். 'படிச்சவங்க யாராச்சும் வந்து எடுத்துச் சொன்னா அவரு கேப்பாருக்கா. அந்த மிஸ்ஸு ஒருநா வருவாங்க'ன்னு சொல்லிட்டு, தெனம் சாயங்காலமானா இந்தக் கேட்டுக்கிட்ட வந்து நிப்பா. போற அன்னைக்குக் கூட சாமானை ஏத்திட்டு கொஞ்ச நேரம் நின்னா."

குடம் நிறைந்து வழிந்தது. அவர் கவனிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"நீதான் அந்த மிஸ்ஸா?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாத ஓர் ஆட்டல். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, குனிந்து குழாயை அடுத்த குடத்துக்கு மாற்றினார்.